பேருக்குத்தான் சூப்பர்வைசர்

அழகு,

செவ்வாய்க்கிழமை நீ சென்னையிலிருந்து பேசிவிட்டுப் போனை வைத்த பிறகு, "என்ன சொன்னான்?" என்று உன் அப்பா கேட்டார். "கம்பெனியை மூடுறாகளாம்" என்றேன். "லோடு ஏத்துற ஆளுக, பில்லு போடுற பிள்ளைக எல்லாருக்கும் நஷ்டஈடு உண்டாம். இவன் அசிஸ்டென்ட் மேனேஜராம், அதனால இவனுக்குக் கிடையாதாம். ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போகச் சொல்லுறாக." ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்த மனிதர் அப்படியே நின்றார். அப்புறம் என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தார். உன் வேலை போவதைக் கேட்டுச் சிரிக்கிறவர் இல்லை அவர், அது உனக்கே தெரியும். நம் வீட்டில் ஒருமுறை நடந்து முடிந்த சங்கதி, ஊரையும் ஆளையும் மாற்றிக்கொண்டு திரும்ப வந்திருக்கிறதே என்றுதான் சிரித்தார். "இனிமே அவன்கிட்ட மறைக்க என்ன இருக்கு? சொல்லிரு" என்றார்.

அதனால்தான் எழுதுகிறேன். போனில் சொல்லத் தொடங்கினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று பாதியிலேயே வைத்துவிடுவாய். எழுத்தில் இருந்தால் பஸ்ஸில் போகும்போதாவது படிப்பாய். மற்றதெல்லாம் மெதுவாகச் சொல்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை ராஜினாமா என்று எதையும் எழுதிக் கொடுக்காதே. யார் அவசரப்படுத்தினாலும், எவ்வளவு நல்ல மாதிரியாகப் பேசினாலும், "நாளைக்குத் தாரேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிடு. அப்படிச் சொன்ன ஒரே ஒரு வார்த்தைதான் என்னைக் காப்பாற்றியது. அதுவும் நான் புத்திசாலித்தனமாகச் சொன்னதில்லை.

நான் அருப்புக்கோட்டை மில்லில் வேலைக்குச் சேர்ந்தபோது நீ மூன்றாம் வகுப்பு. அந்த வருஷம் மழை இல்லை. பரளச்சிக் காட்டில் போட்ட பருத்தி முழங்கால் உயரம்கூட வராமல் கருகிப்போனது. உன் அப்பாவுக்கு நான் வேலைக்குப் போவதில் விருப்பம் இல்லை, ஆனால் வேண்டாம் என்று சொல்லவும் அவரிடம் வழி இல்லை. நூறு பேர்கூட இல்லாத சின்ன மில் அது. எனக்குக் கோன் வைண்டிங் பிரிவில் வேலை. சின்னச் சின்னக் கண்டில் சுற்றி வருகிற நூலை இழுத்துக் கோன் என்கிற பெரிய கூம்பில் சுற்றும் மெஷின். நூல் அறுந்தால் ஓடிப்போய் முடிச்சுப் போட வேண்டும். அது அறுந்துகொண்டேதான் இருக்கும். முதல் மாதம் தூக்கத்தில்கூட என் விரல்கள் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்ததாக உன் அப்பா சொல்வார். தலையெல்லாம் பஞ்சோடு நான் வீட்டுக்கு வருவேன், நீ ஒவ்வொரு தூசியாகப் பொறுக்கி எடுப்பாய். அந்த மில் இல்லாவிட்டால் நீ திருச்சுழி தாண்டிப் படித்திருக்க மாட்டாய். இன்றைக்கும் அந்த வழியாக பஸ்ஸில் போகும்போது, பூட்டிக்கிடக்கிற அந்தக் கேட்டைப் பார்த்து மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போகிறேன்.

சேர்ந்து ஆறேழு வருஷம் ஆனபோது மாஸ்டர் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். மாஸ்டர் என்றால் மெஷின், ஆள், உற்பத்தி என்று மில் முழுவதையும் பார்த்துக்கொள்கிறவர். கோயம்புத்தூர்ப் பக்கத்து மனிதர், அதிகம் பேச மாட்டார். "பிளஸ் டூ படிச்சிருக்கீங்க, கையெழுத்து நல்லா இருக்கு. வைண்டிங்குக்கு உங்களைச் சூப்பர்வைசரா போட்டிருக்கேன்" என்று ஒரு தாளைக் கொடுத்தார். சம்பளத்தில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. ஆனால் ஒரு நீலக் கோட்டு கொடுத்தார்கள், தூணோரமாக ஒரு நாற்காலி போட்டார்கள். அன்றைக்கு உன் அப்பா டீக்கடையில் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தாராம். ஊரில் என்னை "ஆபீசரம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நீ பள்ளிக்கூடத்தில் "எங்கம்மா மில்லுல ஆபீசர்" என்று சொல்லிவிட்டு வந்ததும், அதை நான் திருத்தாமல் விட்டதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. உனக்கு அது சந்தோஷமாக இருந்தது, எனக்கும்தான்.

உள்ளே என்ன நடந்தது என்று கேள். காலையில் யார் யார் வந்தார்கள் என்று எழுதுவேன், ஷிப்டு முடியும்போது எத்தனை கோன் ஓடியது என்று எழுதுவேன். அந்த இரண்டும்தான் கூடுதல். மற்றபடி யாராவது வராத நாளில் அவர்களுடைய மெஷினில் நான்தான் நிற்பேன். யாராவது ஒருத்தி வராத நாள்தான் எல்லா நாளும். தள்ளுவண்டியில் கோனை ஏற்றிக் குடோனுக்குத் தள்ளுவேன். மெஷினுக்கு அடியில் சேருகிற பஞ்சைக் கூட்டுவேன். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், "போய்ட்டு வா" என்று சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. மாஸ்டரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்துதான் சொல்ல வேண்டும். ஆள் எடுக்கவோ நிறுத்தவோ சம்பளத்தைக் கூட்டவோ என்னால் முடியாது. அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்ததைவிட, பெண்கள் மாற்றுச் சேலை வைத்த பைகள் அதில் உட்கார்ந்ததுதான் அதிகம்.

நீ மதுரையில் இன்ஜினியரிங் கடைசி வருஷத்துக்குப் போகிற சமயத்தில் மில்லை மூட முடிவு செய்தார்கள். பெரிய முதலாளி இறந்துபோயிருந்தார். அவருடைய பிள்ளைகள் வேறு வியாபாரத்தில் இருந்தார்கள். பஞ்சு விலையும் கரண்டு பில்லும் கட்டுப்படியாகவில்லை என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. கடைசி மாதம்வரை சம்பளம் ஒருநாள் தவறியதில்லை, பிஎஃப் பணத்தை ஒழுங்காகக் கட்டியிருந்தார்கள். இரண்டு மாதம் முன்னாடியே கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். மூடுகிற நாளில் எல்லோருக்கும் என்னென்ன கிடைக்கும் என்று சொல்வதற்குச் சென்னையிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். சின்ன வயசுதான், மரியாதையாகப் பேசினார். வேலை பார்த்த ஒவ்வொரு முழு வருஷத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம் மூடல் நஷ்டஈடு, அதுபோக கிராஜுவிட்டி, அதுபோக பிஎஃப் என்று விளக்கினார். ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டார்.

என் முறை வந்தது. "உங்களுக்கு கிராஜுவிட்டி வரும்மா, பிஎஃப் வரும். மூடல் நஷ்டஈடு மட்டும் வராது. அது தொழிலாளிகளுக்கு. நீங்க சூப்பர்வைசர், ஸ்டாஃப் கணக்குல வர்றீங்க" என்றார். எனக்கு முதலில் அது குறையாகவே படவில்லை தெரியுமா? ஸ்டாஃப் என்று சொன்னதும் ஒரு நொடி பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம்தான் கணக்கு உறைத்தது. நான் மலைபோல நம்பியிருந்தது அந்தப் பணத்தைத்தான். உன் கடைசி வருஷ ஃபீஸ் அதில்தான் கட்ட வேண்டியிருந்தது. அவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். "சொந்த விருப்பத்தின் பேரில் வேலையை விட்டு விலகுகிறேன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா மத்த பணத்தையெல்லாம் உடனே முடிச்சிரலாம். ஸ்டாஃப் எல்லாரும் அப்படித்தான் குடுத்திருக்காங்க" என்றார். பேனாவைத் திறந்துவிட்டேன். தேதிகூட எழுதிவிட்டேன். அப்போது சுவரில் மணியைப் பார்த்தேன். பரளச்சி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அதை விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு வெகுநேரம் நிற்க வேண்டும். "பஸ்ஸு போயிரும் சார், நாளைக்கு எழுதித் தாரேன்" என்று எழுந்துவிட்டேன். அவரும் சரி என்றார். இதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. அன்றைக்கு மட்டும் அந்த பஸ் டிரைவர் கொஞ்சம் தாமதமாக எடுப்பவராக இருந்திருந்தால், நான் நிம்மதியாக உட்கார்ந்து அந்த இரண்டு வரியையும் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்திருப்பேன். விருப்பப்பட்டு விலகியவளுக்கு மூடல் நஷ்டஈடு ஏது? முகம் தெரியாத அந்த டிரைவருக்கு நான் எத்தனையோ தடவை நன்றி சொல்லியிருக்கிறேன்.

பஸ் ஸ்டாண்டில் மும்தாஜ் நின்றாள். நீ அவளைப் பார்த்ததில்லை. வீரசோழன்காரி, என் மெஷின் வரிசையில் கடைசி மெஷின் அவளுடையது. வாய் நீளம். எனக்கும் அவளுக்கும் வாரத்துக்கு ஒருதரம் சண்டை வரும், மறுநாள் அவளே நோன்புக்கஞ்சியோ வட்டலப்பமோ கொண்டுவந்து நீட்டுவாள். "எம்புட்டுக்கா உங்களுக்கு?" என்று கேட்டாள். எனக்குக் கிடையாது என்றேன், காரணத்தையும் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க சூப்பர்வைசரா?"

"தாள்ல அப்படித்தானே இருக்கு."

"தாள்ல இருக்குக்கா. மெஷின்ல யாரு நின்னா? நேத்து எம் மெஷினுக்குக் கண்டு மாட்டுனது யாரு, அந்தத் தாளா?"

"படிச்ச மனுசன் சொல்லுறாரு மும்தாஜு. அவுகளுக்குத் தெரியாதா?"

"அவரு சென்னையில இருந்து வந்தவரு. அவரு பார்க்கல. நாங்க பார்த்தோம்ல" என்றாள். அவளுக்கும் சட்டம் தெரியாது. விருதுநகரில் தொழிலாளர் ஆபீஸ் இருக்கிறது, சங்கத்து ஆட்கள் அங்கேதான் போவார்கள் என்பது மட்டும்தான் தெரியும். "போய்க் கேளுங்க. இல்லைன்னு சொன்னா வந்துருங்க. கேக்குறதுக்கு என்ன?" என்றாள். அவளுடைய பஸ் வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொல்ல எனக்குத் தயக்கமாக இருந்தது. பணத்துக்காக இல்லை. அந்த ஆபீசில் போய்க் கேட்டால் நான் என்ன சொல்ல வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பார். நான் ஆபீசர் இல்லை, எனக்கு அதிகாரம் எதுவும் இருந்ததில்லை, கோட்டுப் போட்ட கூலிக்காரிதான் என்று பத்துப் பேர் முன்னால் நானே சொல்ல வேண்டும். அந்தப் பெயரால் என்னைவிட அதிகமாகத் தலை நிமிர்ந்தவர் உன் அப்பா. காட்டில் வெள்ளாமை இல்லாத வருஷங்களில், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போகும்போது அவருக்கு அந்த ஒரு பெயர்தான் துணை. எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் மிளகாய் வத்தலைக் கிளறிவிட்டுக்கொண்டே கேட்டார்.

"அப்ப நீ ஆபீசர் இல்லைன்னு சொல்லணும். அதானே?"

"ஆமாங்க."

"உள்ளது அதானே?"

"ஆமா."

"அப்பச் சொல்லு. டீக்கடையில நான் பேசுனதுக்கு நீயா பொறுப்பு?"

மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என்கூட விருதுநகருக்குக் கிளம்பிவிட்டார். அழகு, உனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறோம், அதனால் இதைச் சொல்கிறேன். உன் அப்பா என்மேல் பாசமாக இருந்த நாள் எவ்வளவோ உண்டு. ஆனால் தன்னுடைய கௌரவத்தில் ஒரு பங்கை எடுத்து எனக்காக ஓரமாக வைத்தாரே, அந்த நாளுக்கு நான் அவருக்குச் செலுத்துகிற நன்றி தனி. உனக்கு வருகிறவளுக்கு அப்படி ஒரு நாள் வந்தால் நீயும் செய்.

தொழிலாளர் ஆபீசில் இருந்த அதிகாரி அம்மா என்னை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசவே தொடங்கினார். நான் எழுதிக் கொண்டுபோயிருந்த மனுவை வாங்கிப் படித்தார். "ராஜினாமா எழுதிக் குடுத்துட்டீங்களா?" என்று முதல் கேள்வி கேட்டார். இல்லை என்றதும் அவர் முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது. அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். சூப்பர்வைசர், மேனேஜர் என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் ஒருவர் தொழிலாளி இல்லை என்று ஆகிவிடாது. அவர் நாள் முழுவதும் என்ன வேலை செய்தார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஆள் எடுக்க, லீவு கொடுக்க, தண்டிக்க அவருக்கு அதிகாரம் இருந்ததா, அல்லது எழுத்து வேலையும் கை வேலையும்தான் செய்தாரா என்று கேட்பார்கள். உண்மையிலேயே மேற்பார்வை பார்க்கிறவர்களுக்குச் சம்பளத்திலும் ஒரு வரம்பு உண்டாம், அதற்குக் கீழே வாங்கினால் அவரும் தொழிலாளிதானாம். "நான் ரெண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசித்தான் வைக்க முடியும். தீர்ப்புச் சொல்லுற அதிகாரம் எனக்கு இல்லை. ஒத்துவரலைன்னா கோர்ட்டுக்குப் போகணும், நாளாகும். உங்க வேலை என்னன்னு சொல்ல ஆள் இருந்தா கூட்டிட்டு வாங்க" என்றார்.

ஆள் என்றால் யார்? மில்லை மூடியாகிவிட்டது. எல்லோரும் தங்கள் தங்கள் காசோலையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களுக்கு இதில் ஆகப்போவது எதுவும் இல்லை. ஒரு நாள் வேலை கெடும், பஸ் செலவு வேறு. நான் மும்தாஜிடம் மட்டும்தான் பேச்சுவார்த்தைத் தேதியைச் சொன்னேன், அதுவும் கூச்சத்தோடு. அன்றைக்கு நானும் உன் அப்பாவும் அந்த ஆபீஸ் மாடிப்படி ஏறிப் போனால், வராண்டா முழுக்க வைண்டிங் பெண்கள். என்கூட வேலை பார்த்தவர்களில் பாதிக்கு மேல் வந்திருந்தார்கள். பாண்டியம்மா என்று ஒரு பிள்ளை, மில் மூடினதும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டிருந்தாள். அவளும் முதல்நாள் கிளம்பி, பஸ் மாறி மாறி வந்து கைப்பையோடு அங்கே உட்கார்ந்திருந்தாள். "ஏன்டி, உனக்குச் சம்பளம் பிடிப்பாகளே" என்றேன். "பிடிச்சா பிடிக்கட்டும்க்கா. எம் பிள்ளைக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப எம் மெஷினையும் சேர்த்து ஓட்டுனது யாரு?" என்றாள். எனக்கு அது ஞாபகத்திலேயே இல்லை. அழகு, நாம் செய்ததை நாம் மறந்துவிடுகிறோம், அதை யாரோ எங்கேயோ வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உள்ளே கூப்பிட்டார்கள். மில் தரப்பில் அதே சென்னை அதிகாரியும் மாஸ்டரும் வந்திருந்தார்கள். மாஸ்டரைப் பார்த்ததும் எனக்குப் பயமாகிவிட்டது. அவர்தானே எனக்கு அந்தத் தாளைக் கொடுத்தவர். சென்னை அதிகாரி தாளைக் காட்டினார். கோட்டும் நாற்காலியும் கொடுத்திருந்ததைச் சொன்னார். எனக்குக் கீழே இத்தனை பேர் வேலை பார்த்தார்கள் என்றார். அதிகாரி அம்மா பெண்கள் பக்கம் திரும்பி, "உங்களுக்கு லீவு குடுக்கிறது யாரு?" என்று கேட்டார்.

மும்தாஜ் எழுந்தாள். "மாஸ்டருங்கம்மா. அக்காகிட்ட சொன்னா அக்கா போய் மாஸ்டர்கிட்ட கேட்டுட்டு வந்து சொல்லுவாக. அவரு இல்லைன்னா இவுகளும் இல்லைம்பாக."

"வேலை சரியில்லைன்னா இவங்க திட்டுவாங்களா?" என்று சென்னை அதிகாரி கேட்டார்.

"நல்லாத் திட்டுவாக சார். எங்க மாமியாளும்தான் தெனம் திட்டுது. அதுக்காக அது மேனேஜரா?"

அதிகாரி அம்மா குனிந்துகொண்டார், ஆனால் தோள் குலுங்கியதைப் பார்த்தேன். அடுத்து பாண்டியம்மா சொன்னாள், இன்னொருத்தி சொன்னாள். "அக்காவும் எங்களை மாதிரி ஒரு ஆளுதான்", "அவுகளுக்குன்னு ஒரு பவரும் கெடையாது", "பஞ்சு கூட்டுறது, வண்டி தள்ளுறது எல்லாம் அவுகதான்." ஒவ்வொருத்தியாகச் சொல்லச் சொல்ல, ஊரும் நீயும் எனக்குக் கட்டின பெயர் ஒவ்வொரு நூலாகப் பிரிந்துகொண்டே வந்தது. வெட்கமாக இருக்கும் என்றுதான் நினைத்துப் போனேன். ஆனால் அப்படி இல்லை. இத்தனை வருஷமும் என்னை இவ்வளவு கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்களே, நான் செய்தது எதையும் விடாமல் சொல்கிறார்களே என்றுதான் இருந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். உன் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் அதிகாரி அம்மா மாஸ்டரிடம் கேட்டார். "சார், நீங்க சொல்லுங்க. இவங்க யாரையாவது வேலையை விட்டு நிறுத்தியிருக்காங்களா? நிறுத்த முடியுமா?" சென்னை அதிகாரி மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அவருக்கும் அப்போது புது வேலை கிடைக்கவில்லை, அந்த முதலாளிகளின் சிபாரிசில்தான் கிடைக்க வேண்டும். "இல்லைங்க" என்றார். "ரிப்போர்ட் எழுத ஆள் வேணும்னுதான் போட்டேன். அந்தம்மா மெஷின் வேலையை விடவே இல்லை." அவ்வளவுதான் பேசினார். சென்னை அதிகாரி வெளியே போய்ப் போன் பேசிவிட்டு வந்தார். அந்த வாரமே இன்னொரு தேதி போட்டு, எனக்கும் மற்றவர்கள் மாதிரியே மூடல் நஷ்டஈடு தருவதாக ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். என்னைப் பார்த்துவிட்டு மற்றப் பிரிவுகளில் இருந்த இரண்டு சூப்பர்வைசர்களும் கேட்டார்கள். அவர்கள் ராஜினாமா எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதை மாற்ற முடியவில்லை. அவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் கனக்கிறது.

படி இறங்கும்போது மாஸ்டரிடம் எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் நின்றேன். அவர்தான் கிட்டே வந்து, "பையன் எந்தக் காலேஜும்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மதுரையில் உன் கடைசி வருஷ ஃபீஸ் அந்தப் பணத்தில்தான் கட்டினோம். லோன் போட்டுக் கட்டியதாக உன்னிடம் சொன்னோம். ஏன் அப்படிச் சொன்னோம் என்று இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. அம்மா ஆபீசர் என்று சிநேகிதர்களிடம் சொல்லியிருப்பாயே, உனக்கு ஒரு மாதிரி இருக்குமே என்றுதான் மறைத்தோம். நீ அப்படிப்பட்ட பிள்ளை இல்லை என்பதை நாங்கள் கொஞ்சம் நம்பியிருக்கலாம்.

இனி உன் விஷயம். உனக்கு முடிவு என்னவாகும் என்று எனக்குத் தெரியாது. என் மாதிரியேதான் என்று சத்தியம் பண்ண மாட்டேன். நீ உண்மையாகவே ஆள் எடுக்கவும் நிறுத்தவும் அதிகாரம் உள்ளவனாக இருந்தால் அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். உன் சம்பளமும் வரம்புக்கு மேலே இருக்கலாம். அப்படியானாலும் வேலைக்கு எடுத்தபோது கொடுத்த தாளில் நோட்டீஸ் காலத்துக்கு என்ன எழுதியிருக்கிறது என்று பார். கிராஜுவிட்டிக்கு மேனேஜர், கூலி என்ற பேதம் கிடையாது. அதை விட்டுவிடாதே. இப்போது சட்டத்தை மாற்றி எழுதியிருக்கிறார்கள் என்று பேப்பரில் படித்தேன், அதனால் நான் சொல்வதை மட்டும் நம்பாமல் தொழிலாளர் ஆபீசில் போய்க் கேள். ஆனால் போவதற்கு முன்னால் ஒரு நாள் தனியாக உட்கார்ந்து, காலையிலிருந்து சாயங்காலம்வரை நீ அங்கே நிஜமாக என்ன செய்கிறாய் என்று உன்னையே கேட்டுப் பார். போன தீபாவளிக்கு வந்தபோது லோடு ஏற்ற ஆள் வரவில்லை என்று நீயே பெட்டி தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டதாகச் சொன்னாய். அசிஸ்டென்ட் மேனேஜர் எதற்குப் பெட்டி தூக்கினான் என்று அன்றைக்கே நான் நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை நீ ஒரு வார்த்தை சொன்னாய். "நான் ஒண்ணும் லேபர் இல்லையேம்மா" என்று. நீ அதைத் தப்பாகச் சொல்லவில்லை, வருத்தத்தில் சொன்னாய். ஆனாலும் அந்த வார்த்தையைக் கொஞ்சம் யோசித்துப் பார். நாலு பேரோடு சேர்ந்து உழைத்தவன் என்று சொல்லிக்கொள்வதில் குறைவு எதுவும் இல்லை. ஒரு முதலாளி கதவைப் பூட்டிவிட்டுப் போகும்போது, அவ்வளவு நாள் உள்ளே வியர்த்தவர்கள் வெறுங்கையோடு தெருவில் நிற்கக் கூடாது என்று யாரோ எப்போதோ போராடி அந்தப் பதினைந்து நாள் சம்பளத்தை எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் முகமும் எனக்குத் தெரியாது. அவர்கள் கேட்டு வாங்கி வைத்ததில்தான் நீ இன்ஜினியர் ஆனாய். கேட்பதற்குக் கூச்சப்படாதே. உனக்கு உண்டு என்றால் வாங்கிக்கொள், இல்லை என்றால் ஏன் இல்லை என்று தெரிந்துகொண்டு வா. உன்கூட வேலை பார்க்கிற பிள்ளைகளிடம் பேசு. அவர்களுடைய கூட்டத்துக்கு உன்னைக் கூப்பிடவில்லை என்று குறைப்பட்டாய். நீயாகப் போய் உட்கார். அவர்களுக்கு என்ன கொடுக்கிறார்கள், சரியாகக் கொடுக்கிறார்களா என்று முதலில் அவர்கள் கஷ்டத்தைக் கேள். உன் கஷ்டத்தைப் பிறகு சொல்.

வேலை போனால் போகட்டும். ஐப்பசி மழை இந்த வருஷம் ஏமாற்றவில்லை. கொத்தமல்லி நன்றாக வந்திருக்கிறது, உன் அப்பா காட்டிலேயே கிடக்கிறார். அடுத்த வேலை கிடைக்கும்வரை இங்கே வந்து இருந்தாலும் யாரும் உன்னை ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். எங்களுக்கு நீ பிறந்ததும் வளர்ந்ததும் போதும். இத்தனை பேர் கையைப் பிடித்து உன்னைக் கரை சேர்த்திருக்கிறோம், அதற்கே நான் தினமும் விளக்கேற்றும்போது நன்றி சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது மும்தாஜ் போன் செய்தாள். வீரசோழனில் தையல் கடை வைத்திருக்கிறாள். நாங்கள் வாரத்துக்கு ஒருதரம் பேசிக்கொள்வோம், சண்டையும் போட்டுக்கொள்வோம். உன் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டாள். அப்புறம், "அங்கயும் பேச்சுவார்த்தைக்குத் தேதி போடுவாகள்லக்கா?" என்று கேட்டாள். போட்டால் போடுவார்கள் என்றேன். "தேதி சொல்லுங்க, நானும் வாரேன்" என்றாள்.

"நீ எதுக்கு மும்தாஜு? உனக்கு அவன் பார்க்குற வேலையே தெரியாதே."

"தெரியாதுக்கா. ஆனா அந்தப் பிள்ளைகளுக்கு எந்திரிச்சு நின்னு பேசத் தெரியுமோ என்னமோ. ஒருத்தி முதல்ல எந்திரிச்சாத்தான் மத்ததுகளும் எந்திரிக்கும். நான் வராண்டாவுல உட்கார்ந்து சொல்லிக் குடுக்குறேன்."

உன் அப்பாவிடம் சொன்னேன். வெள்ளைச் சட்டையை வெளுக்கப் போட்டுவிட்டு வந்தார். விருதுநகரில் சாயங்காலம் ரயில் ஏறினால் விடிய எழும்பூர் வந்துவிடலாம் என்கிறார். தேதி தெரிந்ததும் சொல் அய்யா. மூன்று பேர் வருகிறோம்.

அம்மா
பரளச்சி